தர்பூசணி மலையடியில் ஒரு ரோஜா

5,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர் என்றார்கள். ஊட்டியை நினைத்துக்கொண்டு அல்புகர்க்கியில் போய் இறங்கினேன். நியூ மெக்சிகோவில் மார்ச் மாதம். குளிர் இருந்தது, பச்சை இல்லை. வருஷத்துக்கே சுமார் 9 அங்குல மழைதான். கிழக்கே சான்டியா மலை மட்டும் பொழுது சாயும்போது கொஞ்ச நேரம் சிவந்து நிற்கும். ஸ்பானிஷ் மொழியில் சான்டியா என்றால் தர்பூசணி. பிளந்து வைத்த பழத்தின் நிறமேதான்.

வாடகை வீட்டு வாசலில் இடுப்பளவுக்கு ஒரு புதர். தோலுரிந்து வெளுத்த குச்சிகள், நகத்தளவு இலைகள். பட்டுப்போகிற செடி என்று நினைத்தேன். அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றியே பழகிய கை. தினமும் கொண்டுபோய்க் கொட்டினேன்.

மே மாதம் பூத்தது. ஐந்தே வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம். “அபாச்சி ப்ளூம். ரோஜா குடும்பம்” என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. மாலைக்குக் கட்டும் பன்னீர் ரோஜாவைத் தவிர வேறொன்றை ரோஜா என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லை.

இதழ் உதிர்ந்த பிறகுதான் வேடிக்கை. ஒவ்வொரு விதைக்கும் பட்டு நூலாக ஒரு வால் வளர்ந்தது. அத்தனை வாலும் சேர்ந்து இளஞ்சிவப்பில் ஒரு குஞ்சம். ஒரே கிளையில் இங்கே பூ, அங்கே குஞ்சம். ப்ளூம் என்றால் இறகு. அபாச்சிப் பழங்குடி வீரர்களின் தலையிறகு போலிருப்பதால் அந்தப் பெயர். எனக்கு ஞாபகம் வந்ததோ எருக்கம் பஞ்சு. சின்ன வயதில் ‘தாத்தாப் பூச்சி’ என்று துரத்திப் பிடிப்போமே, அது. பாட்டி அந்தப் புதரைப் ‘பொனீல்’ என்பார். அவர் சிறுமியாக இருந்தபோது இந்தக் குச்சிகளைக் கட்டித்தான் வாசல் பெருக்குவார்களாம். அம்புக்கும் இதே குச்சிதான் என்றார்.

இரண்டாம் கோடையில் செடி மஞ்சளடித்தது. அப்படியே வேரழுகிப் போனது. பாட்டி மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்தார். “உன் தண்ணிதான் மிஹோ. இது பட்டினியில வளர்ற ஜாதி” என்றார். மிஹோ என்றால் மகனே. திட்டும்போதும் அதுதான்.

அதன் பிறகு அதை மலையடிவாரத்து ஓடைகளில் போய்ப் பார்த்துக்கொண்டேன். வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கும் ஓடைகள். ஜூலையில் மழை வரும். அங்கேயும் அதற்கு மான்சூன் என்றுதான் பெயர். ஒரு மணி நேரம் காட்டாறாக ஓடிவிட்டு மறுபடி மணலாகிவிடும். கரையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது இந்தப் புதர்தான். சாயங்கால வெயில் ஊடுருவும்போது ஓடை முழுக்க இளஞ்சிவப்புப் புகை படிந்தது போலிருக்கும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஜூன் மாதம் போங்கள். மலைப்பாதையில் ஏறும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. இறங்கும்போது, வெயில் எதிரே இருக்கும்போது பாருங்கள். இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பாட்டிலில் தண்ணீர் மிஞ்சினால் நீங்களே குடித்துவிடுங்கள்.