சொன்னது நான், எழுதியது அவர்

மோகனூர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் கி.வா.ஜகந்நாதன் பேச்சு எப்படியும் வந்துவிடும். 1906இல் கிருஷ்ணராயபுரத்தில் பிறந்தவர். குடும்பம் மோகனூரில் குடியேறியதால் நம்ம ஊர்க்காரர் என்று நாம் சொந்தம் கொண்டாடிக்கொள்கிறோம். உ.வே.சாமிநாதையரிடம் மாணவராகச் சேர்ந்து கடைசிவரை கூடவே இருந்தார். ஐயர் 85 வயதை நெருங்கும்போது ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடர் ஆரம்பித்து, 1940 முதல் அவர் காலமான 1942 வரை வந்தது. அந்தத் தள்ளாத வயதில் அவ்வளவு எழுத்து வெளிவர, பக்கத்தில் கி.வா.ஜ. மாதிரி ஒரு கை வேண்டியிருந்தது. ஐயர் விட்ட இடத்துக்கு அப்புறமான வாழ்க்கையை 'என் ஆசிரியப்பிரான்' என்று கி.வா.ஜ. தன் பெயரிலேயே எழுதினார். முதல் புத்தகத்தில் குரு பெயர், இரண்டாவதில் சீடர் பெயர். எனக்கு இந்த ஒழுங்கு பிடிக்கும்.

இதை இப்போது சொல்லக் காரணம், நானும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு சின்னப் புத்தகம் போட்டேன்.

31 வருஷம் கால்நடை மருத்துவன். அதில் பெரும்பகுதி முட்டைக்கோழிப் பண்ணைகளில்தான் போனது. ஓய்வு பெற்ற பிறகும் போன் ஓயவில்லை. "ஏனுங்க டாக்டர், தோல்முட்டையா விழுகுதுங்க" என்று காலை ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தால் 'மேற்படி பறவைகள் பரிசோதிக்கப்பட்டன' என்றுதான் பேனா ஓடுகிறது. ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. மகன்தான், பணம் வாங்கிக்கொண்டு அடுத்தவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு தம்பியைப் பிடித்துக் கொடுத்தான். கோழியைக் குழம்பில் மட்டுமே பார்த்தவர்.

அதுவே நல்லதாகப் போயிற்று. தெரியாதவர் என்பதால் எல்லாவற்றுக்கும் "ஏன் சார்?" என்றார். கிளிஞ்சலை மத்தியானத்துக்கு மேல் போடுங்கள் என்று எத்தனையோ பண்ணைகளில் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இவர் கேட்டார். ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரம் ஆகிறது, அதில் 20 மணி நேரம் ஓடு கட்டவே போகிறது, அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். கோழி தீனி எடுக்காத நேரம் அது. சாயங்காலம் தின்ற கிளிஞ்சல் இரைப்பையில் கிடந்து மெல்லக் கரைந்தால்தான் அந்த நேரத்துக்குச் சுண்ணாம்புச்சத்து கிடைக்கும். தூளாகப் போட்டால் சீக்கிரம் கரைந்து போய்விடும், அதனால்தான் குருணையாகப் போடச் சொல்கிறோம். நான் இழுத்து இழுத்து அரைமணி நேரம் சொன்னதை அவர் பத்து வரியில் எழுதிக்கொண்டு வந்தார். படித்தபோது எனக்கே என் விஷயம் புதிதாகத் தெரிந்தது.

ஆனால் நடை நன்றாக இருந்தால் போதுமா?

தண்ணீர் பற்றிய அத்தியாயத்தில், குடிதண்ணீரில் குளோரின் கலக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கூடவே, தண்ணீர் வழியாகத் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் மட்டும் கூடாது, கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்த தண்ணீரில்தான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். எழுதி வந்ததில் இந்த இரண்டாவது பாதியைக் காணோம். "ஓட்டத்தைக் கெடுக்குது சார், வேண்டாம்னு எடுத்துட்டேன்" என்றார். வெள்ளைக்கழிச்சலுக்குக் கொடுப்பது உயிருள்ள கிருமி மருந்து. குளோரின் பட்டால் செத்துப்போகும். பண்ணைக்காரர் மருந்து கொடுத்தாச்சு என்று நிம்மதியாகத் தூங்குவார். ஷெட்டில் பத்தாயிரம் கோழியும் பாதுகாப்பில்லாமல் நிற்கும், பேங்க் கடன் ஒரு பக்கம் நிற்கும். இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவர் சத்தமாக வாசிக்க, நான் கண்ணை மூடிக் கேட்டேன். இன்னும் மூன்று இடம் அகப்பட்டது. எழுதத் தெரிந்தவருக்கு அழகில்லாமல் படுகிற 'ஆனால்', 'மட்டும்', 'தவிர' எல்லாம் எங்கள் தொழிலில் உயிர் காப்பவை.

அட்டைக்கு வந்தபோதுதான் பெரிய வழக்கு. அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' ஆங்கிலத்தில் 1999இல் வந்தபோது, அவரிடம் வேலை பார்த்த அருண் திவாரியின் பெயரும் சேர்ந்தே வந்தது. பால் புரட்சி செய்த குரியன் தன் கதையை கௌரி சால்வியிடம் சொல்லி 2005இல் வெளியிட்டார், அதையும் மறைக்கவில்லை. அவ்வளவு பெரியவர்களே போடும்போது எனக்கென்ன? தம்பியோ ஒத்துக்கொள்ளவில்லை. "என் பேரைப் பார்த்தா டாக்டருக்கு எழுதத் தெரியாதுன்னு நினைப்பாங்க சார்." தெரியாதுதானே! "அதுவுமில்லாம, காசு வாங்கிட்டேன், அதோட சரி" என்றார். பேர் வெளியே வந்தால் அடுத்த வேலை கொடுப்பவர் யோசிப்பார் என்ற கணக்கும் உள்ளே இருந்தது. இரண்டு பெண் குழந்தைகளை வைத்திருப்பவரிடம் அதற்குமேல் நான் நியாயம் பேச முடியுமா?

கடைசியில் அட்டையில் என் பெயர் மட்டும். உள்ளே முதல் பக்கத்தில், நான் சொல்ல இன்னொருவர் எழுதியது என்று, பேர் இல்லாமல் ஒரு வரி. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றேன், சரி என்றார்.

இப்போது திருச்செங்கோட்டில், போர்வெல் வண்டியோடு வடநாடெல்லாம் சுற்றி வந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வாசித்துக் காட்டுகிறீர்களா என்று போனில் கேட்டேன். "தினமும் சார். உங்களைவிட மோசம். ஒவ்வொரு வரிக்கும் 'அப்படி இல்லீங்க தம்பி'ங்கறார்" என்றார்.