கம்பளிக்கு எந்த ஆடு?

செம்மறி ஆடு என்றால் கம்பளி. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் படித்திருப்போம். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் மேயும் ஆட்டைத் தொட்டுப் பாருங்கள்... கையில் படுவது வெறும் முடிதான்!

சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். பகலில் தாளை மேயும் ஆடுகளை இரவில் வயலிலேயே கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம், கிடை போட்டதற்குக் கூலி கீதாரிக்கு. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினால் மந்தை ஊர் திரும்பும். ஆக, இங்கே ஆட்டின் வரவுக் கணக்கில் உரமும் கறியும்தான். கம்பளி என்ற தலைப்பே கிடையாது.

காரணம் எளிது. மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல், சென்னை சிவப்பு என்று தமிழ்நாட்டின் பெரும்பாலான இனங்களுக்கு உடம்பில் குட்டை முடி மட்டும்தான். வெயில் ஊருக்கு அதுதானே வசதி. கம்பளி தருபவை மூன்று: நீலகிரி, கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சி கருப்பு.

தஞ்சாவூரில் ஒருவர் கையால் நூல் நூற்று நெய்ய ஆசைப்பட்டு நாலைந்து ஆடு வளர்க்க நினைத்தால் எதை வாங்குவது?

மென்மை வேண்டுமென்றால் நீலகிரி. 19-ஆம் நூற்றாண்டில் மெரினோ, சவுத்டவுன், செவியட் போன்ற வெளிநாட்டு ஆடுகளும் உள்ளூர் ஆடும் கலந்து உருவான இனம். ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இதைப் பாதுகாத்து வருகிறார்கள். இழையின் தடிமன் சுமார் 27 மைக்ரான்.  ஆகவே ஸ்வெட்டர் பின்னலாம். ஆனால் மலைக்குளிரில் பழகிய ஆட்டைத் தஞ்சாவூர் மே மாத வெயிலுக்கு இறக்குவது அதற்குச் செய்யும் கொடுமை.

அடுத்தது திருச்சி கருப்பு. கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர், பெரம்பலூர்... அதுதான் இதன் சொந்த மண். வெயில் பழகியது. உடம்பு முழுக்கக் கருப்பு, சாயமே வேண்டாம். ஆனால் கம்பளி முரடு. சட்டைக்கு ஆகாது. கம்பளிப் போர்வை, தரைவிரிப்பு, பை போன்றவற்றுக்கு ஏற்றது.

ஆடு கிடைத்தாலும் இடம் பார்க்க வேண்டும். ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும். நெல் வயலின் நத்தை வழியாக ஈரல் தட்டைப்புழு பரவும். எனவே மாவட்டத்திலேயே வல்லம், செங்கிப்பட்டி மாதிரி மேட்டு நிலம்தான் நல்லது.

முரட்டுக் கம்பளியின் விலை, கத்தரிக்கும் கூலிக்கே கட்டாது என்பது ஆடு வளர்ப்பவர்களின் பழைய குறை. மில் போர்வை மலிவாகக் கிடைக்கும்போது கம்பளிக்கு ஆள் ஏது? வாங்க ஆள் இல்லையென்றால் வளர்ப்பவர் கறி ஆட்டுக்கு மாறுவார், இனம் கலந்து காணாமல் போகும். கையால் நூற்பவர் ஒருவர் நியாயமான விலை கொடுத்து வாங்கினால், அந்த ஆட்டுக்கு அதன் மேய்ப்பரின் வரவுக் கணக்கில் இன்னொரு வரி கூடுகிறது.

ஆகவே வரிசை இதுதான்: என்ன நெய்யப் போகிறோம், எந்த மண்ணில் வளர்க்கப் போகிறோம், அதற்குப் பிறகுதான் எந்த ஆடு. மெரினோ படத்தைப் பார்த்து ஆசைப்படுவதைவிட, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கருப்பு ஆட்டை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே!