கோடிக் குழகருக்குத் துணை யார்?

மதுரை மாநகரில், வைகையின் வடகரையில் செல்லூரில் விளங்குவது திருவாப்பனூர் என்னும் பாடல் பெற்ற தலம். சிவபூஜை செய்யாமல் உணவு கொள்ளாத பாண்டிய மன்னன் வேட்டையாடிக் களைத்தபோது, அமைச்சர் ஓர் ஆப்பைத் தரையில் நட்டு, அதையே சிவலிங்கம் என்று காட்டினார். இறைவனும் அந்த ஆப்பிலேயே வெளிப்பட்டருளினான் என்பது தல வரலாறு. அன்று காடாக இருந்த இடத்தில் இன்று தறிகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. காட்டினிடையே ஈசன் எழுந்தருளியிருக்கும் காட்சியை இன்றும் காண விரும்பும் அன்பர்கள், கிழக்குக் கடற்கரையில் உள்ள கோடிக்கரைக்குச் செல்லலாம்.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே, அகத்தியான்பள்ளியைக் கடந்து, உப்பளங்களின் ஊடே சென்றால் கோடிக் குழகர் ஆலயம். சுவாமி அமுதகடேசுவரர், அம்பாள் மைத்தடங்கண்ணி. ஒரு முகமும் ஆறு கரங்களும் கொண்ட முருகப்பெருமான், கையில் அமுத கலசத்துடன் காட்சி தருகிறார்.

சேரமான் பெருமாளுடன் மதுரை நோக்கிச் சென்ற சுந்தரமூர்த்தி நாயனார், வழியில் இத்தலத்தைத் தரிசித்தார். கடற்காற்று வீச, ஆந்தையும் கூகையும் அலறும் காட்டில் இறைவன் தனித்திருக்கக் கண்டு அவர் உள்ளம் உருகியது. இங்கே உமக்கு யார் துணை என்று கேட்டே பதிகம் பாடினார். இறைவனின் தனிமைக்காக அடியவர் வருந்திய தலம் இது.

அந்தக் கேள்விக்கு ஒரு விடை, கோயிலைச் சுற்றியுள்ள மண்ணிலேயே இருக்கிறது. குளிர்நாடுகளின் கடற்பறவைகள் செங்குத்தான பாறைகளில் கூடு கட்டும். கோடிக்கரையில் பாறையே இல்லை. மணலும் சேறும் ஆழமற்ற உப்புநீரும்தான். ஆனால் அந்தச் சேற்றில் உள்ள புழுக்களையும் சிற்றுயிர்களையும் நாடியே ஐப்பசி தொடங்கிப் பறவைகள் வந்து இறங்குகின்றன. பூநாரைகள் அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி இரையை வடிகட்டி உண்கின்றன. சுமார் 25 கிராம் எடையே உள்ள கொசு உள்ளான், வடதுருவத்தை ஒட்டிய பனிவெளியில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் இவ்வளவு தொலைவு பறந்து வருகிறது. ஆலாக்களும் கடற்காகங்களும் அலைமேல் வட்டமிடுகின்றன. காட்டில் வெளிமான்கள் துள்ளித் திரிகின்றன.

1967-ஆம் ஆண்டில் இப்பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. காட்டினுள் சிறு மேட்டின்மீது ராமர் பாதம் உள்ளது. ஸ்ரீராமபிரான் அங்கு நின்று இலங்கையை நோக்கினார் என்பது ஐதிகம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது இங்கு மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. ஆயினும் பறவைகள் வருகையை நிறுத்திவிடவில்லை.

புயல் என்றோ ஒருநாள் வருவது. மனிதர்களின் கவனக்குறைவோ ஆண்டுதோறும் நிகழக்கூடியது. ஆடி, தை அமாவாசைகளில் கடலாடவும் பிதுர்க்கடன் செய்யவும் ஏராளமானோர் இங்கே கூடுகின்றனர். அவர்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் பைகள் மானின் வயிற்றுக்கும் பறவையின் காலுக்கும் எமனாகலாம். முன்னோருக்குப் புண்ணியம் தேட வந்த இடத்தில் ஓர் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால், அந்தக் கணக்கு எப்படி நேராகும்?

பறவைகளைக் காண உகந்த காலம் நவம்பர் முதல் ஜனவரி வரை. காலையில் குழகரைத் தரிசித்து, வனத்துறையின் அனுமதி பெற்று, ஓசையின்றிச் சென்று காண்பது நலம். கொண்டு சென்ற பையைத் தவறாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். சுந்தரர் தேடிய துணையைக் கலைக்காமல் வருவதும் குழகருக்குச் செய்யும் வழிபாடே.