நாற்பதில் சரளி வரிசை

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இந்தப் பேச்சு முடிவதே இல்லை. நாற்பது வயதுக்காரர் ஒருவர் பாட்டு வகுப்பில் சேர்ந்திருக்கிறார் என்று தெரிந்தவுடன் வீட்டில் ஒருவர், அலுவலகத்தில் இரண்டு பேர், பக்கத்து ஃப்ளாட்டில் ஒருவர் என்று ஆளாளுக்கு அந்தப் பழமொழியை எடுத்துவிட்டார்கள். ஐம்பதுக்கு இன்னும் பத்து வருடம் பாக்கி இருக்கிறதே என்று ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

அவராக ஆசைப்பட்டுப் போனதுமில்லை. மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாமி வீட்டில் விஜயதசமியன்று மகளைச் சேர்த்தார். வெற்றிலை பாக்கு, பழம், பூ, தட்சிணை எல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்து முறையாகத்தான் ஆரம்பம். வாரத்தில் இரண்டு நாள் மகள் உள்ளே பாடுவாள், இவர் வெளியே மாடிப்படியில் செருப்புகளுக்குக் காவல். தை மாதம் வந்ததும் மகள் 'எனக்கு வேண்டாம், நீச்சலுக்குப் போறேன்' என்று சொல்லிவிட்டாள். ஏழு வயதுக் குழந்தையிடம் என்ன வாதம் செய்ய முடியும்? ஆனால் பங்குனி வரைக்கும் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. விஷயத்தைச் சொல்லப் போனவரிடம் மாமி சிரித்துக்கொண்டே, "கட்டின பணத்துக்கு நீங்க வந்து உக்காருங்கோ" என்றார். மாமி தமாஷாகத்தான் சொன்னார். அடுத்த புதன்கிழமை இவர் நிஜமாகவே போய் நின்றுவிட்டார்.

பெரியவர்கள் பாட்டு வகுப்பில் சேரும்போது பெரும்பாலும் மனதில் ஒரு பாட்டோடுதான் போகிறார்கள். இவர் மனதிலும் ஒன்று இருந்தது. என்ன பாட்டு என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் பாட்டே கிடையாது. முதல் வாரமும் கிடையாது, முதல் மாதமும் கிடையாது. 'ஸ' என்ற ஒரு எழுத்து, அது மட்டும்தான். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, அதோடு சேர்த்து 'ஸ' பிடிக்கச் சொன்னார் மாமி.

அங்கேயே முதல் சிக்கல். மாமியும் குழந்தைகளும் பாடுவது ஐந்து கட்டையில். பெண்களுக்கும் சிறுவர் சிறுமியருக்கும் அந்தச் சுருதி சௌகரியம். ஆண் குரலுக்கு அது ஒத்துவராது. ஐந்து கட்டை ஸட்ஜம் என்றால் குரல்நாண்கள் வினாடிக்குச் சுமார் 196 முறை அதிரவேண்டும், மேல் ஸட்ஜத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. இவர் பஞ்சமத்தைத் தாண்டுவதற்குள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. மாமி பெட்டியின் திருகைக் கீழே கீழே இறக்கி ஒரு கட்டையில் நிறுத்தினார். அதாவது வினாடிக்கு 131 சொச்சம். இறக்கிவிட்டால் இவருக்குச் சுலபம், ஆனால் மாமி பாடிக்காட்டுவது ஒரு ஸ்தாயி மேலே. அதைக் கேட்டு, ஒரு ஸ்தாயி கீழே அதே ஸ்வரத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். பெண் ஆசிரியரிடம் கற்கப் போகிற ஆண்களுக்கும், ஆண் ஆசிரியரிடம் போகிற பெண்களுக்கும் இது ஒரு தலைவலி. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் வாரமே 'நமக்கு ஸ்வர ஞானம் இல்லை' என்று முடிவு கட்டிவிட்டு ஓடுகிறவர்களில் பாதிப் பேருக்குச் சுருதிதான் சரியில்லாமல் இருந்திருக்கும்.

குழந்தைகளோடு சேர்ந்து பாட முடியாததால் இவருக்குத் தனி நேரம், இரவு ஏழு மணி. குழந்தைகள் உடனே வீட்டுக்குப் போய்விடுகின்றனவா என்றால் அதுதான் இல்லை. ஆட்டோவுக்குக் காத்திருக்கிற சாக்கில் இரண்டு மூன்று வாண்டுகள் வாசல் பக்கம் உட்கார்ந்து கச்சேரி கேட்கும். 'அங்கிள் ரி தப்பு' என்று ஆறு வயது சொல்லும். அது தப்பாகவும் இருக்கும்.

அந்த 'ரி'யைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கர்நாடக சங்கீதத்தில் ஆரம்பப் பாடமெல்லாம் மாயாமாளவகௌளை ராகத்தில். புரந்தரதாசர் (1484-1564) வகுத்த முறை என்பது மரபு. மேளகர்த்தா வரிசையில் 15ஆவது. ஸ, ரி, க, ம என்ற நான்கு ஸ்வரங்களுக்கு நடுவே என்ன இடைவெளிகளோ, அதே இடைவெளிகள்தான் ப, த, நி, ஸ நான்குக்கும். கீழே ஒரு தரம் கற்றுக்கொண்டால் மேலே அதையே திரும்பச் செய்தால் போதும், அழகான ஏற்பாடு. ஆனால் ஸவுக்கும் ரிக்கும் நடுவே மிகச் சின்ன இடைவெளி. ரியிலிருந்து கவுக்கோ ஒரு பெரிய தாண்டல், சின்ன இடைவெளியைப் போல மூன்று மடங்கு. 'ஸரிகம' என்றவுடன் நம் காதுக்குப் பழகியிருப்பது சங்கராபரண வழி. அதில் ரி இதைவிட உயரத்தில் இருக்கும். அதனால் பலருக்கும் ரி தானாக மேலே ஏறிக்கொள்கிறது. இவருக்கும் ஏறியது. இரண்டு மாதம் ஏறியது.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, மாமி சாதாரணமாக, "இதுக்கு முன்னாடி பாடினதே இல்லையா?" என்று கேட்டார். இவர் சொன்னார்: பள்ளியில் ஆண்டு விழாவுக்குச் சேர்ந்திசையில் நிறுத்தினார்களாம். ஒத்திகையில் இவர் குரல் மட்டும் தனியாகக் கரகரத்ததாம். சொல்லிக்கொடுத்தவர் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, 'நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது' என்று சொன்னாராம். மேடையில் அப்படியே வாயை அசைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் குளியலறையில்கூடப் பாடியதில்லை. தேசிய கீதத்துக்கும் உதடு மட்டும்தான்.

"எந்த கிளாஸ்ல?"

"எட்டாவது, மாமி."

"பதிமூணு வயசு. அந்த வயசுல எல்லாப் பிள்ளைக்கும் தகரக் குரல்தான். உடையற காலம். ரெண்டு வருஷம் பொறுத்திருந்தா தானே சரியாப் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு மாமி, "ம், ஸ பாடுங்கோ" என்றார். ஒரு பையனின் குரல் உடைந்துகொண்டிருந்த சமயத்தில் யாரோ அவசரப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தை, இருபத்தேழு வருடம் வாயை மூடிவைத்திருக்கிறது. மாமி அதை ஒரு நிமிடத்தில் தாண்டிப் போய்விட்டார். இவர் அன்று இரவு தூங்க நேரமானது என்று மனைவி பிற்பாடு சொன்னார்.

'காது கேட்கும், ஆனால் சுருதி தெரியாது' என்கிற பிறவிக் குறை உள்ளவர்கள் உண்டுதான். நூற்றில் சில பேர். மற்றவர்களுக்கெல்லாம் சிக்கல் பெரும்பாலும் காதில் இல்லை, தொண்டையைக் காது சொன்ன இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் பழக்கத்தில்தான். சைக்கிள் மாதிரி. விழுந்துதான் வரும்.

பெரியவர்களுக்கு என்று சில தனி வியாதிகள் இருக்கின்றன. முதலாவது, நோட்டுப் புத்தகம். குழந்தை மாமியின் வாயைப் பார்த்துப் பாடும், பெரியவர் நோட்டைப் பார்த்துப் பாடுவார். இவர் கானாம்ருத போதினி வாங்கி அட்டை போட்டு, பென்சிலால் கோடெல்லாம் இழுத்து வைத்திருந்தார். மாமி இரண்டாவது வகுப்பிலேயே அதை வாங்கி டிவி மேல் வைத்துவிட்டார். இரண்டாவது வியாதி, கேள்வி. இந்த ராகத்தில் ஏன், வேறு ராகத்தில் ஏன் இல்லை, 22 சுருதி என்கிறார்களே அது எங்கே வருகிறது... இணையத்தில் இரவெல்லாம் படித்துவிட்டு வந்து கேட்பார். "பாடுங்கோ, அப்புறம் கேளுங்கோ." பாடிய பிறகு நேரம் இருக்காது :-)

மூன்றாவது, தாளம். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. தனியாகப் போட்டால் யாருக்கும் வரும். வாய் ஒன்று சொல்ல, கை ஒன்று எண்ண, காது சுருதியில் நிற்க, மூன்றும் சேரும்போது ஏதாவது ஒன்று கழன்றுகொள்ளும். இவருக்குக் கழன்றது மோதிர விரல். முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம் என்பதால் சமாளித்தார். இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு, அப்போது நாக்கும் சேர்ந்து தடுக்கியது. மாநகரப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தொடையில் தட்டிப் பழகினார். பக்கத்து சீட்காரர் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

இன்னொரு அதிர்ச்சி, செல்ஃபோனில் பதிவு செய்து கேட்பது. நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டும் கேட்பதில்லை, தலை எலும்பு வழியாகவும் போகிறது. அதில் கீழ்ச் சத்தங்கள் கூடுதலாகச் சேர்வதால் நம் குரல் நமக்குக் கனமாகத் தெரியும். பதிவில் அந்தக் கனம் இருக்காது. ஆகவே 'இந்த ஒல்லிக் குரல் யாருடையது?' என்று எல்லோருக்கும்தான் தோன்றும். இவர் ஒருமுறை கேட்டுவிட்டு ஒரு வாரம் ஃபோனைத் தொடவில்லை. பிறகு கேட்கப் பழகிக்கொண்டார். ரி ஏறுவது அதில்தான் அவருக்கே பிடிபட்டது.

வீட்டில் சாதகம் செய்வது அடுத்த யுத்தம். விடியற்காலையில் கீழ் ஸ்தாயியில் 'ஆ'காரம் பிடிக்கச் சொன்னார் மாமி. ஃப்ளாட்டில் சுவர்கள் மெல்லியவை. முதல் வாரம் ஆர்வக்கோளாறில் தினமும் ஒரு மணி நேரம் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. மாமிக்குக் கோபம். தினம் இருபது நிமிடம் போதும், வலித்தால் நிறுத்து, வாயை நன்றாகத் திற. இவ்வளவுதான் விதி. வாயைத் திறப்பதுதான் கடினமாக இருந்தது. பெரியவர்கள் பல்லுக்குள்ளேயே பாடுவார்கள். தப்பாக வந்தால் யாருக்கும் கேட்கக்கூடாது என்ற ஜாக்கிரதை. 2020க்குப் பிறகு இணையம் வழியாகக் கற்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அதில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வருவதால் ஆசிரியரோடு சேர்ந்து பாட முடியாது, மாறி மாறித்தான் பாடவேண்டும். கூச்சக்காரர்களுக்குச் சேர்ந்து பாடுவதுதான் பெரிய துணை. அது கிடைக்காமல் போகிறது.

சித்திரையில் ஒரு நாள் அது நடந்தது. 'ஸ' பிடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தி, "மாமி, என் குரல் எனக்குக் கேக்கல" என்றார். பயந்துதான் போயிருந்தார். பெட்டியின் சத்தம் மட்டும் கேட்கிறது, தன் குரலைக் காணோம்.

"காணாமப் போச்சுன்னா சேந்துடுத்துன்னு அர்த்தம். ஏன் நிறுத்தினேள்?"

கற்க வருகிற பலரும் அந்த இடத்துக்கு வந்ததும் விலகிவிடுகிறார்களாம். சுருதியோடு குரல் கலந்தால் தனியாகத் தெரியாது. தெரியவில்லையே என்று கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளிவிடுவார்கள். தள்ளினவுடன் தன் குரல் கேட்கும், ஆறுதலாக இருக்கும், ஆனால் சுருதி போயிருக்கும். அன்று மறுபடி முயன்றபோது அது வரவில்லை. அடுத்த வாரம் இரண்டு தரம் வந்தது.

அதன்பின் இவருக்கு ஒரு தொந்தரவு சேர்ந்துகொண்டது. எல்லாச் சத்தமும் ஸ்வரமாகக் கேட்க ஆரம்பித்தது. மிக்ஸி, லிஃப்ட், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர். (டிரான்ஸ்ஃபார்மரின் 'ம்ம்ம்' வினாடிக்கு 100 அதிர்வு. ஐந்து கட்டையின் கீழ் ஸட்ஜத்துக்கு ஒரு பிசிறு மேலே. மாமி வீட்டுச் சுருதிக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது!) கல்யாணக் கச்சேரிகளில் முன்பெல்லாம் சாப்பாட்டுப் பந்தியைத்தான் பார்ப்பார், இப்போது தம்பூராக்காரரைப் பார்க்கிறார்.

பங்குனியோடு ஃபீஸ் தீர்ந்தது. யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை, இவர் தன் பெயரில் கட்டினார். சரளி வரிசை முடிய ஆனி ஆகிவிட்டது. குழந்தைகள் இதைவிட வேகமாக முடித்துவிடும். பிறகு ஜண்டை வரிசை. ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டை, இரண்டாவதற்குக் கொஞ்சம் அழுத்தம். பாட்டு என்று சொல்ல முதலில் வருவது மலஹரி கீதம், அதற்கு நடுவில் அலங்காரங்கள் ஏழும் இருந்தன. மனதில் வைத்துக்கொண்டு வந்த அந்தப் பாட்டுக்கு இந்த வேகத்தில் போனால் இன்னும் மூன்று நான்கு வருடம் ஆகலாம். அதைக் கணக்குப் போட்ட அன்று மட்டும் வகுப்புக்குப் போகவில்லை.

புரட்டாசியில் நவராத்திரி. மாமி வீட்டுக் கொலுவுக்கு வருகிற மாணவர்கள் எல்லோரும் பாடிவிட்டுத்தான் சுண்டல் வாங்கவேண்டும். மனைவி மகளோடு போனவர் பின்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வர்ணம் பாடினார்கள், கீர்த்தனை பாடினார்கள், ஒரு வாண்டு கீதம் பாடியது.

"சார், நீங்க."

"எனக்குப் பாட்டு எதுவும் வராதே மாமி. ஜண்டை வரிசைதானே ஆறது."

"அதைப் பாடுங்கோ."

கொலுவில் யாரும் ஜண்டை வரிசை பாடுவதில்லை. கூடத்தில் பத்துப் பதினைந்து பேர், பாதிப் பேர் அறிமுகமில்லாதவர்கள். இவர் எழுந்து வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். மாமி பெட்டியை ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறக்கினார். மகள் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமல் தாளம் போட ஆரம்பித்தாள். மூன்று மாதம் கற்றது அவளுக்கு மறக்கவில்லை. முதல் காலம் நேராகப் போனது. இரண்டாம் காலத்தில் மேல் ஸட்ஜத்தில் குரல் லேசாகக் கீறியது. நிறுத்தாமல் இறங்கி வந்து முடித்தார். யாரோ கொஞ்சம் கை தட்டினார்கள். கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தார்கள்.

திரும்பி நடந்து வரும்போது மகள் சொன்னாள்: "அப்பா, ரெண்டாம் காலத்துல நீ ஓடிட்ட."

"தெரியும்" என்றார்.