பந்தாடிய இடத்தில் ஒரு பேரங்காடி

வெளியே மைனஸ் 20 டிகிரி. உள்ளே 21. நடுவில் இரண்டு வரிசைக் கண்ணாடிக் கதவுகள் மட்டும்தான். அவற்றைத் தாண்டியதும் எல்லோரும் செய்யும் முதல் காரியம் கோட்டைக் கழற்றுவது. கழற்றிய கோட்டை வைத்துப் பூட்ட வாடகைப் பெட்டிகளும் இருக்கின்றன.

2017 ஜனவரி, ஒரு வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மின்னியாபொலிஸ் நகரை ஒட்டிய புளூமிங்டனில் இருந்தேன். மருத்துவக் கருவிகளின் கையேடுகளை இந்திய மொழிகளில் கொண்டுவருவது பற்றி மூன்று நாள் கூட்டம். 'அபாயம்', 'எச்சரிக்கை', 'கவனம்' ஆகிய மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பகல் முழுக்க வாதாடியதில் தலை கனத்தது. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. என்னிடம் கையுறை இல்லை. "மாலுக்குப் போங்கள், எல்லாம் கிடைக்கும்" என்றார் ஹோட்டல் வரவேற்பாளர். போகவர ஹோட்டல் வேன் இலவசம்.

வேன் ஓட்டியவர் சோமாலியாக்காரர். உள்நாட்டுப் போரில் நாட்டை விட்டு வந்த சோமாலியர்கள் அமெரிக்காவிலேயே அதிகமாக வாழும் மாநிலம் மின்னசோட்டா. "குளிர்காலத்தில் தெருவில் யாரையும் பார்க்க முடியாது. எல்லோரும் இதற்குள்தான் இருப்பார்கள்" என்றபடி 'மால் ஆஃப் அமெரிக்கா' வாசலில் இறக்கிவிட்டார்.

1992 ஆகஸ்ட் 11-ல் திறக்கப்பட்ட மால் இது. ஐந்நூறுக்கும் அதிகமான கடைகள். நடுவில் கண்ணாடிக் கூரையின் கீழ் ஏழு ஏக்கரில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. மரங்கள் நிஜமானவை. தலைக்கு மேலே ரோலர் கோஸ்டர் அலறிக்கொண்டு போகிறது. கீழ்த்தளத்தில் மீன் காட்சியகம். கட்டியவர்கள் ஈரானிலிருந்து கனடாவில் குடியேறிக் கம்பள வியாபாரத்தில் தொடங்கிய கெர்மெசியன் குடும்பத்தார். கனடாவின் வெஸ்ட் எட்மன்டன் மாலும் இவர்கள் கட்டியதுதான்.

பிரமாண்டத்தைவிட என்னை வியக்கவைத்தது வேறொன்று. பொது நடைபாதைகளுக்கு என்று தனியாக ஹீட்டர் கிடையாது. கூரை வழியே வரும் வெயில், விளக்குகளின் சூடு, ஜனங்களின் உடம்புச் சூடு ஆகியவையே போதும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வாசல்களில் மட்டும் சூடேற்றுகிறார்கள். ஆக, எதையும் வாங்காமல் சுற்றுகிறவர்களும் இங்கே உபயோகமானவர்கள்தான்.

மின்னசோட்டாவில் துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது. அதனால் வெளிமாநிலக்காரர்கள் காலிப் பெட்டியோடு வருகிறார்கள். ஒரு தளத்தை ஒரு முறை சுற்றினால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். இரண்டு சுற்று முடித்தபோது காலணி, கடிகாரம், காபி, பொம்மை எல்லாம் பார்த்திருந்தேன். கையுறைக் கடையை மட்டும் பார்க்கவில்லை.

பூங்காவின் தரையில் ஒரு உலோகத் தகடு. அதைச் சுற்றி நாலைந்து குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுக் காலணியோடு வேகமாக நடந்துவந்த முதியவர் ஒருவர், நான் குனிந்து படிப்பதைப் பார்த்து நின்றார். பனியில் வழுக்கி விழ பயந்து தினமும் இங்கே வந்து நடப்பவராம். "அதுதான் ஹோம் பிளேட். அங்கே பாருங்கள்" என்று எதிர்ச்சுவரைக் காட்டினார். உயரத்தில், யாரும் உட்கார முடியாத இடத்தில், ஒரு சிவப்பு நாற்காலி மாட்டப்பட்டிருந்தது.

மால் நிற்கும் இடத்தில் முன்பு இருந்தது மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியம். மின்னசோட்டா ட்வின்ஸ் பேஸ்பால் அணி 1961 முதல் 1981 வரை ஆடிய மைதானம் அது. பீட்டில்ஸ் குழுவினர் 1965-ல் அங்கே பாடியிருக்கிறார்கள். 1967 ஜூன் 3-ல் ஹார்மன் கில்லபுரூ அடித்த பந்து 520 அடி பறந்து விழுந்த இருக்கையின் இடத்தைத்தான் அந்தச் சிவப்பு நாற்காலி குறிக்கிறது. அணி வேறு மைதானத்துக்குப் போய்விட, 1985-ல் ஸ்டேடியத்தை இடித்தார்கள். "நான் அப்பாவோடு வருவேன். சத்தம் போட்டே தொண்டை கட்டிவிடும்" என்றார் பெரியவர்.

எனக்கு 'மால்' என்ற சொல்லின் கதை நினைவுக்கு வந்தது. 17-ம் நூற்றாண்டில் லண்டனில் 'பால் மால்' என்று ஒரு ஆட்டம். நீண்ட பாதையில் மரச் சுத்தியால் பந்தை அடித்துக்கொண்டே போகவேண்டும். ஆட்டம் வழக்கொழிந்த பிறகு, ஆடிய பாதை உலாவும் சாலையாகி 'மால்' என்ற பெயரை வைத்துக்கொண்டது. பிற்பாடு அந்தப் பெயர் கடைகளுக்குப் போனது. பந்தாடிய இடம் கடைவீதியான கதை, புளூமிங்டனில் சொல்லுக்குச் சொல் திரும்ப நடந்திருக்கிறது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'வணிக வளாகம்' என்று எழுதுகிறோம். 'பேரங்காடி' என்றும் எழுதுகிறோம். பகல் கடைத்தெருவை நாளங்காடி என்றும் இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொன்ன மொழி இது. ஆனால் அங்காடி என்பது தெரு. யாரும் வரலாம், நிற்கலாம், கூவலாம். மால் தெருவா?

தெருவாகவேண்டும் என்றுதான் இதன் தந்தை ஆசைப்பட்டார். 1903-ல் வியன்னாவில் பிறந்த யூதரான விக்டர் குரூன், 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த கட்டடக் கலைஞர். முழுக்க மூடி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய அமெரிக்காவின் முதல் மாலான சவுத்டேலை அவர் 1956-ல் கட்டியது, இங்கிருந்து காரில் கால் மணி நேரத் தொலைவிலுள்ள ஈடைனாவில். வியன்னாவின் சதுக்கங்களைப் போல மக்கள் கூடிப் பேசும் இடம் என்பது அவர் கனவு. சுற்றி வீடுகள், பள்ளி, பூங்கா, ஏரி என்று திட்டம் போட்டார். மால் மட்டும் வந்தது. சுற்றிலும் வந்தவை கார் நிறுத்துமிடங்கள். கடைசிக் காலத்தில் ஊர் திரும்பியவர், வியன்னாவின் ஓரத்திலும் ஒரு ராட்சத மால் எழுந்து நிற்பதைப் பார்த்தார். 1978-ல் லண்டனில் பேசியபோது, இந்தப் பிள்ளைகள் தன்னுடையவை அல்ல என்கிற ரீதியில் கைகழுவிவிட்டார். 1980-ல் இறந்தார்.

தெருவா இல்லையா என்ற கேள்விக்குக் கோர்ட்டும் பதில் சொல்லியிருக்கிறது. 1996-ல் ஒரு கடையின் முன்னால், மிருக ரோமத்தில் ஆடை விற்பதை எதிர்த்துச் சிலர் கோஷமிட்டார்கள். அத்துமீறி நுழைந்ததாகக் கைது. பொதுப் பணத்தின் உதவியோடு எழுந்த மாலில் பேச்சுரிமை உண்டு என்று வாதாடினார்கள். பொது உதவி பெற்றிருந்தாலும் இது தனியார் சொத்துதான் என்று 1999-ல் மின்னசோட்டா உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. கறுப்பர்கள் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து 2014 டிசம்பரில் இங்கே ஆயிரக்கணக்கானோர் கூடியபோதும் கைதுகள் நடந்தன.

நமக்கும் இது புதிதல்ல. 1999-ல் மும்பையில் திறந்த கிராஸ்ரோட்ஸ் மாலில், செல்போனோ கிரெடிட் கார்டோ காட்டாதவர்களிடம் கொஞ்ச காலம் நுழைவுக் கட்டணம் கேட்டார்கள். நம் ஊர் மால்களின் வாசலில் காவலாளி பையைச் சோதிக்கும்போது அவர் கண் நம் செருப்பையும் பார்ப்பதை நாம் கவனித்திருக்கிறோம்.

இரவு வேனில் திரும்பும்போது, நுழைவாயிலில் பையன்களை நிறுத்தி அடையாள அட்டை கேட்டதைப் பற்றி டிரைவரிடம் சொன்னேன். 1996-லிருந்தே இருந்த விதியாம். வெள்ளி, சனி மாலைகளில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் உள்ளே இருக்கக் கூடாது என்பது அப்போதைய நடைமுறை.

"என் மகனுக்கு 15 வயது. நான் கூட வந்தால்தான் அவன் சிநேகிதர்களைப் பார்க்க முடியும். வெள்ளிக்கிழமை மாலை நான் உங்களைப் போன்றவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பேன்" என்றார்.

"அப்படியானால் அவன் எங்கே போவான்?"

கண்ணாடிக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத பனித் தெருவைக் கையால் காட்டினார். பிறகு கேட்டார்: "கையுறை வாங்கினீர்களா?"

நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.