அனிகட்: கல்லணையிலிருந்து போன சொல்

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆனி மாதம் பிறந்துவிட்டால் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான்: "ஜி.ஏ.வுல தண்ணி வந்துடுச்சா?" தஞ்சாவூர்க்காரர்கள் புதாறு என்பார்கள். அதிகாரிகளுக்கு அது ஜி.ஏ. கெனால். அந்த இரண்டு எழுத்துக்கு என்ன விரிவு என்று ஒரத்தநாட்டில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "யாராவது தொரை பேரா இருக்கும் தம்பி" என்றார். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவர், "கிராண்ட் அனிகட் சார். அனிகட்னா டேம், இங்கிலீஷ் வார்த்தை" என்றார். அந்தப் பதில் என்னை விடவில்லை.

ஆங்கில அகராதிகளில் அனிகட் இருப்பது உண்மை. அது அங்கே எப்படிப் போனது என்று தேடியபோது ஹாப்சன்-ஜாப்சன் கிடைத்தது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களின் பேச்சில் கலந்த சொற்களுக்கான அகராதி அது, 1886-ல் வெளிவந்தது. தொகுத்தவர்கள் இருவர். ஹென்றி யூல் ஒருவர், மற்றவர் ஆர்தர் பர்னெல். இந்த பர்னெல் தஞ்சாவூரில் ஜில்லா நீதிபதியாக இருந்தவர், அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். அகராதி அச்சாவதற்கு முன்பே 1882-ல் இறந்துபோனார். அனிகட் பதிவு தெளிவாகச் சொல்கிறது: இது தமிழ், அணை, கட்டு இரண்டும் சேர்ந்த அணைக்கட்டு.

பதிவின் கீழே பழைய கடிதங்களிலிருந்து மேற்கோள்கள். 1776-ல் சென்னைக் கவுன்சில், தஞ்சையில் படைத் தலைவராக இருந்த லெப்டினன்ட் கர்னல் ஹார்ப்பருக்கு எழுதியது அதில் ஒன்று. கரை பழுதுபார்ப்பதைப் பார்க்க ராஜா அணைக்கட்டுக்குப் போக விரும்பினால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்கிறது கடிதம். கரிகாலன் பெயர் சொல்லும் காவிரியின் கரையைப் பார்க்கத் தஞ்சை ராஜாவுக்குக் கம்பெனியின் சம்மதம்! சொல்லின் பிறப்பைத் தேடிப் போன எனக்கு, அதிகாரம் கைமாறிய வேதனையே முதலில் கண்ணில் பட்டது. 1793-ம் வருஷத்து மேற்கோளில் இந்த அணைக்கட்டைக் கட்டியது 'சோலார் ராஜா'வோ வேறு யாரோ, புத்திசாலித்தனமான கட்டுமானம் என்று ஒருவர் மெச்சுகிறார். சோலார் ராஜா யாரென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர் சொன்ன பொருளுக்கு வருகிறேன். மேட்டூர் தண்ணீரைத் தேக்கிவைக்கிறது, அது டேம். அனிகட்டின் வேலை தேக்குவதல்ல. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கிடந்து, நீர்மட்டத்தை வாய்க்கால் தலைப்பு அளவுக்கு ஏற்றித் திருப்பிவிடும். மிஞ்சியது மேலே வழிந்து போகும். பள்ளமான கொள்ளிடத்துக்குள் காவிரி சரிந்து ஓடிவிடாமல் கல்லணை தடுத்தது இப்படித்தான். தமிழில் நாம் இரண்டையும் அணை என்றே சொல்லிவிடுகிறோம். நம்மிடமிருந்து போன சொல் ஆங்கிலத்தில் அந்த ஒரு வேலைக்கு மட்டும் பெயராக நின்றுவிட்டது.

பொருள் அவ்வளவு கெட்டியாக நின்றதற்குக் காரணம் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் என்பது என் எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரித் தலைப்பு மணலால் தூர்ந்து, தண்ணீர் கொள்ளிடத்தில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. டெல்டா வயல்கள் காய்ந்தன. காட்டன் கல்லணையை நுணுகிப் பார்த்தார். அடியில் பாறை கிடையாது, ஆழம் காணாத மணல். அதன்மேல் கல்லைப் போட்டு, அது அமிழ அமிழ மேலும் கல் போட்டு நிற்கவைத்திருக்கிறார்கள். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இதைக் கட்டியவர்களிடம்தான் கற்றோம் என்று பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். கல்லணையை அவர் கிராண்ட் அனிகட் என்றே அழைத்தார். 1836-ஐ ஒட்டி முக்கொம்பில் மேலணை, அணைக்கரையில் கீழணை எழுந்தன. பிறகு அதே முறை கோதாவரிக்குப் போனது: தவளேஸ்வரம் அனிகட், 1847-ல் தொடங்கி 1852-ல் முடிந்தது. தொழில் போன இடமெல்லாம் சொல்லும் கூடவே போயிருக்கிறது. இன்று ராஜஸ்தானத்தின் வறண்ட கிராமங்களில் ஓடைக்குக் குறுக்கே கட்டும் சின்னத் தடுப்புக்கு இந்தியிலேயே எனிகட் என்றுதான் பெயர். இலங்கை நீர்ப்பாசனத் துறையும் இதே சொல்லை எழுதுகிறது.

1934-ல் மேட்டூர் திறந்தபோது கல்லணையிலிருந்து வெட்டிய புதுக் கால்வாயும் திறந்தது. மானாவாரியாகக் கிடந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டு நிலங்கள் காவிரித் தண்ணீரைக் கண்டன. அதற்கு வைத்த பெயர்தான் ஜி.ஏ. கெனால். நம் சொல் ஆங்கில எழுத்தாய்ச் சுருங்கித் திரும்பியதால், அந்தத் தண்ணீரில் நாற்று விடுகிறவருக்கே அது துரை பேராகத் தோன்றுகிறது. டெல்டாப் பள்ளிகளில் கல்லணைப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அனிகட் என்ற சொல்லையும் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். டேம் வேறு, அனிகட் வேறு என்பதை முக்கொம்புக்கும் மேட்டூருக்கும் கூட்டிப்போயே விளக்கலாம்.