படிச்சுக் காட்டுறவர்

போன மாசம் ஆபீஸில் ஒரு மெயில். எல்லா ஆபீசர்களும் விசிட்டிங் கார்டுக்கும் மெயிலின் அடியில் வரும் கையெழுத்துக்கும் ஆளுக்கு ஒரு 'சிக்னேச்சர் லைன்' எழுதித் தரணுமாம். எட்டு வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. படிச்சதும் மனசில் நிக்கணும். நம்ம திறமை என்னன்னு அதிலேயே தெரிஞ்சுடணும். ஒரு வாரம் கெடு.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூணாறு பக்கத்தில் இருக்கிற சித்திரபுரம் நம்ம ஊர். அங்கே லைன்னு சொன்னா எஸ்டேட்டில் வேலை செய்யறவங்க குடியிருக்கும் வரிசை வீடு. "எந்த லைன்?"னு கேட்டா விலாசம் கேக்கறாங்கன்னு அர்த்தம். அப்படிப்பட்ட ஆளை மஸ்கட்டில் உக்கார வச்சு லைன் எழுதுன்னா?

சக ஊழியர்கள் எழுதினதைப் பார்த்தேன். 'உங்கள் கனவுகளின் பங்காளி', 'வளத்துக்கு ஒரு வழிகாட்டி', 'செல்வத்தின் சிற்பி'. எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனா அத்தனை கார்டையும் சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சுப் போட்டா, யாருக்கு எது விழுந்தாலும் பொருந்தும். அங்கேதான் இடிக்குது.

நம்ம மனசில் நின்ன வரிகளை யோசிச்சுப் பாருங்க. நரசுஸ் காபியோட 'பேஷ் பேஷ், ரொம்ப நன்னா இருக்கு'. அது குடிச்சவர் சொல்றது, விக்கறவர் சொல்றது இல்லை. அப்புறம் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் பார்க்கிற 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை'. இதைச் சொல்லிக் கிண்டல் பண்ணாதவங்க கிடையாது. ஆனா அதில் ஒரு உறுதி இருக்கு. குறை இருந்தா இந்த ஒரே வாசல்லதான் வந்து சண்டை போட முடியும், நாங்க எங்கேயும் ஓட முடியாதுங்கற உறுதி.

அமெரிக்காவில் ஏவிஸ்னு ஒரு வாடகைக் கார் கம்பெனி. 1962-ல் ஹெர்ட்ஸ்தான் முதலிடம். ஏவிஸ் பல வருஷ நஷ்டத்தில் கிடந்தது. பவுலா கிரீன் என்ற அம்மா அவங்களுக்கு ஒரு விளம்பரம் எழுதினாங்க. 'நாங்க ரெண்டாவதுதான், அதனால கூடுதலா உழைக்கிறோம்'கற மாதிரி. ரெண்டாவதுன்னு எவனாவது காசு குடுத்து விளம்பரம் போடுவானா? போட்டாங்க, அடுத்த வருஷமே லாபம். ஒரு விஷயம் கவனிங்க. அப்படி எழுதிட்டா, காருக்குள்ள ஆஷ்ட்ரே அழுக்கா இருந்தாக்கூட வாடிக்கையாளர் அந்த வரியைச் சொல்லியே கேப்பார். வரி எழுதினவங்களையே அது வேலை வாங்கும்.

இன்னொரு பக்கம், வக்கீல்கள் விளம்பரம் பண்ணி வழக்கு பிடிக்கக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. ஆடிட்டர்களுக்கு 1949-ஆம் வருஷச் சட்டத்திலேயே கட்டுப்பாடு. டாக்டர்களுக்கும் அப்படித்தான். பேரும் பட்டமும் போடலாம், பீத்திக்க முடியாது. அதனால என்ன, ஜனங்களே அவங்களுக்கு வரி எழுதிட்டாங்க. 'கைராசி டாக்டர்'. எந்த விளம்பரக் கம்பெனிக்கும் காசு போகலை.

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன். பொறுத்துக்குங்க.

சித்திரபுரம், திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் பேரை ஒட்டி வந்த ஊர். 1940-ல் ஓட ஆரம்பிச்ச பள்ளிவாசல் மின் திட்டத்தை ஒட்டி வளர்ந்தது. சுத்தி இருக்கிற தேயிலைக் காட்டில் வேலை பார்த்தவங்க பெரும்பாலும் நம்ம தமிழ் ஜனம்தான். திருநெல்வேலி, தென்காசி, சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவங்க. சம்பளம் போட்ட மறுநாள் போஸ்டாபீஸில் மணியார்டர் அனுப்பக் கூட்டம் நிக்கும். பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. வராந்தாவில் எங்க பெரியப்பா உக்காந்திருப்பார். ஒரு டீ காசு வாங்கிக்கிட்டு பாரம் எழுதித் தருவார்.

எம்.ஓ. பாரத்தில் சேதி எழுத அடியில் கொஞ்சூண்டு இடம்தான் இருக்கும். ஒரு மாசத்துக் கவலை முழுக்க அதுக்குள்ள அடங்கணும். 'சுகம். இந்த மாசம் இவ்வளவுதான். தங்கச்சிக்கு முதல்ல குடு.' அவ்வளவுதான். இந்த மாதிரி ஒரு வரியை எந்த ஏஜென்சியாலும் எழுத முடியாதுன்னு இன்னிக்கும் சத்தியம் பண்ணுவேன்.

எழுதறவங்க வேற ரெண்டு பேரும் அங்கே உண்டு. கையெழுத்தும் பெரியப்பாவைவிட அழகா இருக்கும். ஆனா வரிசை நிக்கறது இவர்கிட்டதான். ஏன்னா, விலாசம், தொகை, சேதி எல்லாத்தையும் சத்தமா ஒருதரம் வாசிப்பார். "சரியா?"ம்பார். எதிராளி தலையாட்டின பிறகுதான் கைநாட்டு. ஒரு மழை நாளில் கதவைச் சாத்தற நேரம், அப்பவும் வாசிச்சார். ஊரே அவரை 'படிச்சுக் காட்டுற அண்ணாச்சி'ன்னுதான் சொல்லும். அவர் போர்டு எதுவும் வைக்கலை.

இப்ப என் கதை. 2012-ல் நான் தென்காசிப் பக்கம் ஒரு தனியார் வங்கிக் கிளையில் இருந்தேன். கார்டில் நானே ஒரு வரி போட்டிருந்தேன். 'உங்கள் பணம், என் பொறுப்பு'. நல்லா ஓடுச்சு. எங்க ஊர் எஸ்டேட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து கிள்ளின ஒரு அத்தை, ரிட்டையர் ஆகி வந்தாங்க. வேலை முடிஞ்சா லைன் வீட்டைக் காலி பண்ணணும், அதான் சொந்த ஊருக்கே வந்துட்டாங்க. கிராஜுவிட்டி, வருஷத்துக்கு 15 நாள் கூலி வீதம் சேர்ந்த காசு. பி.எஃப். பணமும் சேர்த்து ஒரு லட்சம் கொண்டு வந்தாங்க. வீடு கட்ட. "ஒரு வருஷம் பத்திரமா போட்டு வை தம்பி, அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைதானே நீ"ன்னாங்க.

அது மார்ச் மாசக் கடைசி. டார்கெட் தலைக்கு மேல. நான் டெபாசிட்டில் போடலை, யூலிப்பில் போட்டேன். இன்சூரன்ஸ் பாலிசி. வருஷா வருஷம் ஒரு லட்சம் கட்டணும், அஞ்சு வருஷத்துக்கு எடுக்க முடியாது. அத்தைக்குப் பேர் எழுத மட்டும் தெரியும். பாரத்தில் ஒரு இடம் வரும். இவருக்குப் புரியும் மொழியில் எல்லாம் விளக்கப்பட்டதுன்னு அச்சடிச்சிருக்கும், கீழே விளக்கினவர் கையெழுத்து. நான்தான் போட்டேன். விளக்கலை.

அந்தப் பாலிசியைப் பிடிக்கலைன்னா 15 நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாம்னு விதி அப்ப இருந்தது. (2024-லிருந்து 30 நாள்.) அதையும் நான் சொல்லலை.

அடுத்த வருஷம் அஸ்திவாரம் தோண்டிட்டு வந்தாங்க. விஷயம் தெரிஞ்சதும் கத்தலை, சபிக்கலை. பேரன்கிட்ட என் கார்டைக் குடுத்து வாசிக்கச் சொன்னாங்க. அவன் எழுத்துக்கூட்டி வாசிச்சான். "பொறுப்புன்னுதானே தம்பி போட்டிருக்கே?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. 2017-ல்தான் பணம் கைக்கு வந்தது. அதுவரைக்கும் வாடகை வீடு. நடுவில் நான் கொஞ்சம் குடுக்கப் போனேன். "கடனா குடு, வாங்கிக்கறேன்"னாங்க. வட்டி கேக்காமலேயே திருப்பியும் குடுத்துட்டாங்க. பெரியப்பா காதுக்கு இது போச்சா இல்லையான்னு அவர் இருந்தவரைக்கும் எனக்குத் தெரியாது. கேக்கற தைரியமும் வரலை.

அதனால இந்தத் தடவை ஒரு வாரம் நிஜமாவே யோசிச்சேன். எனக்கு நானே வச்சுக்கிட்ட சோதனை ஒண்ணுதான். இந்த வரியை வாடிக்கையாளர் கையில் வச்சுக்கிட்டு, மாசக் கடைசியில், சாயங்காலம் மேனேஜர் கத்திக்கிட்டிருக்கும்போது என் முன்னாடி வந்து உக்காந்தா, நான் அதைச் செய்வேனா? செய்வேன்னா எழுதலாம். கனவு, சிற்பியெல்லாம் இந்த இடத்தில் விழுந்துடுது. யாரும் வந்து 'என் கனவு எங்கே'ன்னு கேக்கப் போறதில்லை, அதுதான் அதில் இருக்கிற சௌகரியம்.

கடைசியில் எழுதிக் குடுத்தது: 'கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்டுவேன்'. அஞ்சு வார்த்தைகூட இல்லை.

எச்.ஆர். அம்மாவுக்குப் பிடிக்கலை. "இதில் உங்க எக்ஸ்பர்டைஸ் எங்கே சார்?"னு கேட்டாங்க. இருபது வருஷம் ஆச்சும்மா இதுக்கு வர்றதுக்குன்னு சொன்னேன். புரியலை, ஆனாலும் அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க.

போன வியாழக்கிழமை, வாரக் கடைசி நாள், கிளம்பற நேரம். நம்ம பக்கத்து லாரி டிரைவர் ஒருத்தர், ஊரில் வீடு கட்டக் கடன் பாரத்தோட வந்தார். பதினாலு பக்கம். கார்டை மேசையில் வச்சு, அந்த வரி மேல விரலை வச்சார். "படிங்க சார்."

படிச்சேன். வீட்டுக்குப் போகும்போது மணி ஏழே முக்கால்.

டிஸ்கி: 'மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை'. நம்ம நாட்டுப் பணத் தொழிலில் குழந்தைக்கும் மனப்பாடமான வரி இதுதான், கவனிச்சிருக்கீங்களா? அது விளம்பரமே இல்லை, எச்சரிக்கை :-)